ஆட்டோபைலட் பம்ப் இடது பக்கம் திருப்ப மாட்டேன் என்கிறது, அவசரம்

தூத்தூர்க்காரன்:
அண்ணன்மாரே, படகு கொச்சி தோப்பும்படியில் கட்டிக் கிடக்கிறது. சுக்கானைத் தானாகத் திருப்புகிற ஆட்டோபைலட் போட்டால் வலது பக்கம் ஒழுங்காகப் போகிறது. இடது பக்கம் முக்கி முக்கிப் பாதி தூரம் போய் நிற்கிறது, அலாரம் அடிக்கிறது. சுக்கானுக்கு எண்ணெய் தள்ளுகிற பம்ப் பழசு. நாளைக்கு ஐஸ் ஏற்றணும். என்ன செய்யலாம்?

மின்கம்பி:
12 வோல்ட்டா, 24ஆ? என்ன பம்ப்? கையால் வீல் திருப்பினால் சுக்கான் இரண்டு பக்கமும் போகிறதா? நிற்கும்போது மோட்டார் ஓடுகிறதா, அதுவும் நிற்கிறதா?

கோடிமுனைக் கடலோடி:
எண்ணெய்க் குழாயில் ஏர் பிடித்திருக்கும். ஏர் எடுத்தால் சரியாகிவிடும். எங்கள் படகிலும் அப்படித்தான்.

சுக்கான்சாமி:
பம்பின் படம் இல்லை, எண்ணெய் என்னவென்று இல்லை, வோல்ட் இல்லை. ஜோசியம் கேட்கத்தான் இப்படி வருவார்கள். பழுது பார்ப்பதற்கென்றே மேனுவலில் ஒரு பக்கம் இருக்கும். அதைப் படித்துவிட்டு வாருங்கள் தம்பி.

டீசல்வாசம்:
பம்ப் மோட்டாருக்குள் கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். பழைய பம்ப் என்றால் பத்துக்கு எட்டு பிரஷ்தான்.

மின்கம்பி:
பிரஷ் தேய்ந்தால் பெரும்பாலும் இரண்டு பக்கமும்தான் திணறும். ஏர் இருந்தாலும் சுக்கான் இரண்டு பக்கமும் தொளதொளக்கும். ஒரு பக்கம் மட்டும் என்றால் வேறு கதை.

தூத்தூர்க்காரன்:
24 வோல்ட். பம்ப் தகட்டில் எழுத்தெல்லாம் உப்பு அரித்துப் போச்சு, மேனுவலும் கிடையாது. கையால் திருப்பினால் இரண்டு பக்கமும் நன்றாகப் போகிறது, வீல் வழுக்கவில்லை. சுக்கான் நின்ற பிறகும் மோட்டார் ஓடுகிறது. ஆயில் முந்தின மெக்கானிக் ஊற்றியது, சிவப்பாக இருக்கிறது.

சுக்கான்சாமி:
சிவப்பா? கியர் ஆயிலை ஊற்றிவிட்டான். ரப்பர் சீல் எல்லாம் போச்சு.

டீசல்வாசம்:
ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றுகிற ஆயிலும் சிவப்பு, விமானத்துக்குப் போடுகிற ஹைட்ராலிக் ஆயிலும் சிவப்பு. நிறம் வெறும் சாயம். சீலைத் தின்பது பிரேக் ஆயில். அதைத் தவறிக்கூட ஊற்றக் கூடாது.

சுக்கான்சாமி:
இருபது வருஷமாக ஸ்டியரிங் வேலை பார்க்கிறேன். சிவப்பு சிவப்புதான்.

மின்கம்பி:
அந்தச் சண்டை அப்புறம். தம்பி, பம்ப் மோட்டாரின் இரண்டு ஒயரையும் ஆட்டோபைலட் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, நடுவில் பியூஸ் போட்டு, நேராக பேட்டரியில் ஒரு விநாடி தொட்டுப் பாருங்கள். பிறகு பிளஸ், மைனஸ் மாற்றித் தொடுங்கள். மோட்டார் திசை மாறும். அப்போதும் இடது பக்கம் மட்டும் நின்றால் கம்ப்யூட்டர் மேல் பழி இல்லை.

கோடிமுனைக் கடலோடி:
எதற்கு இந்த ஆட்டோபைலட்? போட்டுவிட்டு படகு ஓட்டுகிற ஸ்ராங்கு தூங்குகிறான். 2018 ஆகஸ்டில் முனம்பம் பக்கம் கப்பல் இடித்து எத்தனை பேர் போனார்கள், பெரும்பாலும் நம் கன்னியாகுமரி ஜில்லாக்காரர்கள்.

வலைவீசி:
அதற்கும் ஆட்டோபைலட்டுக்கும் என்ன சம்பந்தம்? இடித்தது கப்பல். வீல் யார் கையில் இருந்தாலும் ஒரு ஆள் கண்விழித்துப் பார்க்கணும். கடலில் மோதலைத் தடுக்கிற 1972 சர்வதேச விதியில் ஐந்தாவதே அதுதான், கப்பலுக்கும் சேர்த்து.

கோடிமுனைக் கடலோடி:
விதி புத்தகத்தில் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு வீல்ஹவுஸில் யார் இருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.

தூத்தூர்க்காரன்:
நேராகக் கொடுத்தும் இடது பக்கம் நிற்கிறது. மோட்டார் சத்தம் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

மின்கம்பி:
அப்படியானால் பம்ப் உள்ளேதான். கையால் வழுக்காமல் போகிறது என்பதால் எண்ணெய் பின்னால் திரும்பாமல் தடுக்கிற செக் வால்வு இரண்டும் பிடிக்கிறது. அழுத்தம் மீறினால் திறக்கிற இடது பக்க ரிலீஃப் வால்வு முழுசாக மூடவில்லை என்று நினைக்கிறேன். சுமை ஏறியதும் எண்ணெய் சுக்கானுக்குப் போகாமல் பம்புக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. அந்த வால்வின் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், எத்தனை சுற்றில் உள்ளே முட்டுகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். பழைய அளவுக்கே திரும்ப வைக்கணும். கூடுதலாக இறுக்கினால் அழுத்தம் ஏறி ஹோஸ் வெடிக்கும்.

டீசல்வாசம்:
பிரஷ்ஷையும் ஒரு பார்வை பாருங்கள்.

தூத்தூர்க்காரன்:
கழற்றினோம். வால்வு உட்காருகிற இடத்தில் வெள்ளை நூல் மாதிரி டெஃப்லான் டேப் துண்டு, நகம் அளவு. போன வருஷம் ஹோஸ் மாற்றியவர் மரையில் சுற்றியது. எடுத்துவிட்டு ஏர் எடுத்தோம். இரண்டு பக்கமும் போகிறது. ஐஸ் ஏறிக்கொண்டிருக்கிறது, நன்றி அண்ணே.

மின்கம்பி:
மகிழ்ச்சி. மற்ற இணைப்புகளிலும் டேப் இருக்கும், கரைக்கு வந்ததும் எல்லாவற்றையும் பிரித்து, மரைக்கு ஊற்றுகிற பசை போடுங்கள். மோட்டார் மூடிக்குள் ஆயில் ஈரம் இருந்ததா? இருந்தால் ஷாஃப்ட் சீல் போகிறது என்று அர்த்தம், அப்புறம் பிரஷ் நனையும்.

டீசல்வாசம்:
அதைத்தானே முதலிலேயே சொன்னேன்.

சுக்கான்சாமி:
ஏர் எடுத்தபோது என்ன எண்ணெய் ஊற்றினீர்கள்?

வலைவீசி:
ஆள் கிளம்பியாச்சு அண்ணே. சிக்னல் இருக்காது.