உதவி: ஷேடோ பேட்டிலில் இரண்டாவது ஆள் சேரவே மாட்டேன் என்கிறது

வாள்நான்கு:
அவசரம். நின்டெண்டோ கேம்க்யூப் விளையாட்டான ஜெல்டா ஃபோர் ஸோர்ட்ஸ் அட்வென்சர்ஸில் ஷேடோ பேட்டில் (ஆட்டக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் மோதும் பகுதி) ஆட வேண்டும். ஞாயிறு நண்பர்கள் வருகிறார்கள். முதல் ஆள் வருகிறார், இரண்டாவது ஆள் வரவில்லை. எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். டிஸ்க்கில் கீறல் இல்லை. யாராவது சொல்லுங்கள்.

சிறுவாள்:
எந்தப் பெட்டியில் ஆடுகிறீர்கள், கேம்க்யூபா, அதற்கு அடுத்து வந்த வீயா? இரண்டாவது ஆள் கையில் என்ன இருக்கிறது? "எல்லாம்" என்றால் எதையெல்லாம் செய்தீர்கள்?

தூசிதட்டி:
போர்ட்டில் அழுக்கு இருக்கும். எனக்கு இதே மாதிரி நடந்தபோது ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து ஊசிகளைத் துடைத்தேன், சரியாகிவிட்டது. பழைய சாதனங்களில் பத்துக்கு எட்டுப் பிரச்சினை அழுக்குதான்.

பழையபெட்டி:
இந்தக் கேள்விக்கு நானே எத்தனையோ முறை பதில் எழுதியாயிற்று. விளையாட்டோடு வந்த கையேட்டைத் திறந்து பார்த்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது தம்பி. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்பது நல்ல பழக்கம்.

வாள்நான்கு:
வீ, பழையது, மேலே நான்கு போர்ட் இருக்கிறது. என்னிடம் கேம்பாய் அட்வான்ஸ் (கையடக்க விளையாட்டுச் சாதனம்), கேபிளோடு. தம்பியிடம் சாதாரண கன்ட்ரோலர். கதையைத் தனியாக ஆடும்போது அதே கன்ட்ரோலர் நன்றாகத்தான் வேலை செய்கிறது, அதனால் அதில் கோளாறு இல்லை. துடைத்தும் பார்த்தேன், பயனில்லை.

சிறுவாள்:
விஷயம் இதுதான். தனியாக ஆடினால் கன்ட்ரோலர் போதும். இரண்டு பேர் ஆனதும் ஒவ்வொருவருக்கும் ஒரு கேம்பாய் அட்வான்ஸ், ஒவ்வொன்றுக்கும் கேம்க்யூபோடு இணைக்கும் கேபிள் தனித்தனியாக வேண்டும். ஷேடோ பேட்டில் தனி ஆளுக்கான முறையே இல்லை, அதனால் அங்கே கன்ட்ரோலருக்கு இடமே கிடையாது. இரண்டு கேம்பாயைச் சேர்க்கும் சாதாரண லிங்க் கேபிளும் இதற்கு ஆகாது. ஒரு முனை கன்ட்ரோலர் போர்ட்டில் மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும்.

மஞ்சள்பொத்தான்:
பேட்டரியையும் பாருங்கள். சார்ஜ் குறைந்தால் ஆட்டம் நடுவில் அறுந்துவிடும். நான் எப்போதும் புதிய ஏஏ செல் இரண்டு போட்டுத்தான் தொடங்குவேன்.

வாள்நான்கு:
நண்பனிடம் எஸ்பி (மடக்கும் கேம்பாய் அட்வான்ஸ்) இருக்கிறது, கேபிளும் வைத்திருக்கிறான். இன்னொருவன் அதற்கு அடுத்து வந்த கையடக்கச் சாதனமான டிஎஸ் கொண்டுவருவதாகச் சொல்கிறான். அதுவும் கேம்பாய் அட்வான்ஸ் விளையாட்டுகளை ஓட்டுமே, ஆகுமா?

சிறுவாள்:
டிஎஸ்ஸில் கேம்பாய் அட்வான்ஸ் கேட்ரிட்ஜ் (விளையாட்டு அட்டை) ஓடும், ஆனால் கேபிள் மாட்டும் லிங்க் போர்ட் கிடையாது. கேம்பாய் மைக்ரோவின் போர்ட்டும் வேறு அளவு. எஸ்பி சரிப்படும்.

பச்சைக்குல்லா:
இத்தனை கேபிள் தேடி ஷேடோ பேட்டிலை ஆட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. உண்மையான போட்டி கதைப் பகுதியில்தான் இருக்கிறது. வாளுக்குச் சக்தி ஏற 2,000 ஃபோர்ஸ் ஜெம் சேர்க்க வேண்டும், எல்லாரும் ஒரே ஜெம்மைப் பார்த்துப் பாய்வார்கள். கூட்டாளியைத் தூக்கிப் பள்ளத்தில் எறியலாம். அதற்கு மேல் என்ன வேண்டும்?

பழையபெட்டி:
கதைப் பகுதி கூட்டு ஆட்டம், போட்டி அல்ல. ஷேடோ பேட்டிலில் கடைசியாக உயிரோடு நிற்பவர் ஒருவர்தான். இரண்டையும் குழப்புபவர்கள் 2002இல் வந்த முதல் ஃபோர் ஸோர்ட்ஸை ஆடியிருக்கவே மாட்டார்கள்.

பச்சைக்குல்லா:
ஆடியிருக்கிறேன், நான்கு பேரோடு, ஒரே கோடையில் மூன்று முறை. அதிலும் கூட்டாகத்தான் போவோம், ஆனால் யார் கையில் அதிக ருப்பீ (விளையாட்டில் வரும் காசு) என்று ஒவ்வொரு கட்ட முடிவிலும் எண்ணுவார்கள். அந்தக் கலவைதான் இந்தத் தொடரின் உயிர் என்று நான் நம்புகிறேன்.

மஞ்சள்பொத்தான்:
ஆளுக்கொரு திரை இருப்பதும் வீண் இல்லை. கதையில் குகைக்குள் போனதும் உங்கள் ஆள் டிவியை விட்டுக் கையிலிருக்கும் திரைக்கு வந்துவிடுவார். மற்றவர்களுக்கு நீங்கள் என்ன எடுத்தீர்கள் என்றே தெரியாது. கன்ட்ரோலரில் அது எப்படி முடியும்?

வாள்நான்கு:
எஸ்பி மாட்டியாயிற்று. ஆனால் அதில் போக்கிமான் தொடங்குகிறது, டிவியில் இரண்டாவது ஆள் இன்னும் இல்லை. இதற்கு என்ன செய்வது?

சிறுவாள்:
கேட்ரிட்ஜ் உள்ளே இருப்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அதை எடுத்துவிடுங்கள். இந்த விளையாட்டு தனக்கு வேண்டிய நிரலைக் கேபிள் வழியாக கேம்பாயின் நினைவகத்துக்கு அனுப்பும். அந்த நினைவகம் தற்காலிகமானது, அதனால் அணைத்தால் போய்விடும், ஒவ்வொரு முறையும் மறுபடி அனுப்ப வேண்டும். கேட்ரிட்ஜ் இருந்தால் கேம்பாய் அதைத்தான் முதலில் திறக்கும். எடுக்க மனமில்லை என்றால் ஆன் செய்யும்போது ஸ்டார்ட், செலெக்ட் இரண்டையும் அழுத்திப் பிடியுங்கள். அப்போது அது கேட்ரிட்ஜைத் தாண்டிப் போய் கேபிளுக்காகக் காத்திருக்கும்.

தூசிதட்டி:
எடுக்கும்போது கேட்ரிட்ஜ் முனையையும் ஒரு முறை துடைத்துவிடுங்கள்.

பழையபெட்டி:
கையேட்டில் கேம்பாயை இணைக்கும் பகுதி இருக்கிறது.

வாள்நான்கு:
கேட்ரிட்ஜை எடுத்தேன், வந்துவிட்டது. ஐந்து களத்திலும் ஆடினோம். சிறுவாளுக்கு மிக்க நன்றி.

மஞ்சள்பொத்தான்:
கதையை முடித்தால் இன்னும் ஐந்து களம் திறக்கும். பேட்டரி தாங்கியதா? வாள்நான்கு?