ஆற்றுக்காக இறங்கினவங்க, பார்த்ததைச் சொல்லுங்க

பவானியிலிருந்து:

எங்கள் ஊரில் ஆற்றையும் மீனையும் காக்க ஒரு சின்ன அறக்கட்டளை இருக்கிறது. ஞாயிறு காலையில், பவானி ஆறு காவிரியோடு சேரும் கூடுதுறையில் இறங்குவோம். பிளாஸ்டிக்தான் வரும் என்று நினைத்து வருகிறவர்கள் கையில் முதலில் சிக்குவது துணி. பரிகாரம் முடித்துக் குளித்துவிட்டு, கட்டியிருந்ததை அப்படியே ஆற்றோடு விட்டுவிடுகிறார்கள். மணலுக்குள் பாதி புதைந்த சேலையை உருவ இரண்டு மூன்று பேர் பிடித்து இழுக்க வேண்டும்.

போன ஆடியில் படித்துறைக்குக் கீழே பாறையில் நரம்பு வலை, அதாவது மெல்லிய நைலான் இழை வலை, ஒன்று மாட்டிக் கிடந்தது. தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது, காலில் சுற்றினால்தான் தெரியும். மேலே எடுத்தால் அழுகின கெளுத்திகள், நடுவில் உயிரோடு ஓர் ஆமை. ஆமையின் கழுத்தில் இழை இறங்கியிருந்தது. பிளேடால் ஒவ்வொரு கண்ணியாக அறுத்தோம். அது கையைக் கடிக்கப் பார்த்ததுதான் மிச்சம்! போட்டவர் அறுத்துவிட்டுப் போய்விடுவார், வலை பாட்டுக்குப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

கரையில் பார்த்துக்கொண்டிருந்த பரிசல்காரப் பெரியவர், "ஏனுங் தம்பி, துணிய அள்றீங்க, சரி. புதுத்தண்ணி வர்றப்ப சினை மீன் மேல ஏறுதே, அப்பக் கொசுவலையக் கட்டி குஞ்சு குளுவானெல்லாம் வழிச்சுட்டுப் போறாங்களே, அதை ஆருங்க கேக்கறது?" என்றார். நியாயமான கேள்வி. அதற்கப்புறம் புதுத்தண்ணீர்க் காலத்தில் வலை போடுகிறவர்களிடமே உட்கார்ந்து பேசுகிறோம். சிலர் திட்டுகிறார்கள், சிலர் பெரிய கண்ணி வலைக்கு மாறியிருக்கிறார்கள். அறிவிப்புப் பலகையை விட இது பரவாயில்லை என்பது என் எண்ணம்.

திருப்பூரிலிருந்து:

நொய்யல் ஆற்றின் கதை எல்லோருக்கும் தெரியும். சாயத்தண்ணீர், அது தேங்கிக் கிடந்த ஒரத்துப்பாளையம் அணை, 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவு. இப்போது "ஆத்துல மீன் துள்ளுது, ஆறு திரும்பிருச்சு" என்று வீடியோ போடுகிறார்கள். நான் உதவப் போன குழு வலை வீசிப் பார்த்தது. வந்ததெல்லாம் வெளிநாட்டு மீன்: ஜிலேபி (திலாப்பியா), கூடவே ஆப்பிரிக்கக் கெளுத்தி. வளர்க்கத் தடை இருக்கிற மீன் அந்தக் கெளுத்தி. கெட்ட தண்ணீரிலும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். நம்ம ஊர்க் கெண்டை ஒன்றுகூட இல்லை. மீன் இருக்கா என்று கேட்டால் போதாது, எந்த மீன் என்று கேட்க வேண்டும்.

இன்னொரு கூத்து. நாங்கள் நிற்கும்போதே ஒரு அக்கா, மீன்தொட்டியில் வளர்ந்த, டேங்க் கிளீனர் என்கிற வெளிநாட்டு மீனை வாளியில் கொண்டுவந்தார், "பாவம், ஆத்துலயாவது பொழைக்கட்டும்" என்று. பிழைக்கும்ங்க, அதுதான் பிரச்சினை! பேசிப் பேசித்தான் திருப்பி அனுப்பினோம்.

உடுமலையிலிருந்து:

மறையூர்ப் பக்கமிருந்து வரும் பாம்பாறு நம்ம அமராவதி ஆற்றுக்குத்தான் வருகிறது. காளை மாதிரி திமில் வைத்த மஹ்சீர் என்கிற பெரிய கெண்டை இன மீனுக்கு 2007-ல் அறிவியல் பெயர் வைத்தது அந்த ஆற்று மீனைப் பார்த்துத்தான். காவிரிப் படுகையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 2018-ல் மிக ஆபத்தான நிலையில் இருக்கிற இனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு குழு அதன் படத்தைக் காட்டியபோது, பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாத்தா ஒருவர், "இதோட செதில் என் உள்ளங்கை அகலம் இருக்கும் கண்ணு" என்று கையை விரித்துக் காட்டினார். நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை. மாயாற்றுப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது பார்த்திருந்தால் எழுதுங்களேன். இடத்தை மட்டும் சொல்லாதீர்கள், தூண்டிலோடு கிளம்பிவிடுவார்கள்.