பொருள்: மலை எல்லையில் நட்ட கல், வெட்டிய சிலுவை – இரண்டுக்கும் ஒரு சொல்

சேலம், புவியியல் விரிவுரையாளர்:

அனைவருக்கும் வணக்கம். பைரனீஸ் மலையில் பிரான்ஸ்–ஸ்பெயின் எல்லையைப் பற்றிய மாணவர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் முட்டி நிற்கிறது.

1659 உடன்படிக்கை மலைதான் எல்லை என்று பொதுவாகச் சொன்னதோடு சரி. இடம் இடமாகக் கோடு வகுத்தவை 1856, 1862, 1866 ஆண்டுகளின் பயோன் உடன்படிக்கைகள். அந்தக் கோட்டின் அடையாளங்களுக்கு வரிசை எண் உண்டு: மேற்கே பிடசோவா ஆற்றங்கரையில் எண் 1, கிழக்கே மத்தியதரைக் கடலோரம் எண் 602. ஆனால் எல்லாமே நட்ட கற்கள் அல்ல. பல இடங்களில் இயற்கைப் பாறையிலேயே ஒரு சிலுவையும் எண்ணும் வெட்டியிருக்கிறார்கள். 'எல்லைக்கல்' என்று எழுதினால் மாணவன் நிமிர்ந்து நிற்கும் கல்லைத் தேடிக்கொண்டு, காலடியில் இருக்கும் சிலுவையை மிதித்துப் போய்விடுவான். பொதுச்சொல் வேண்டும்.

ஆத்தூர், தமிழாசிரியர்:

சொல் கையிலேயே இருக்கிறது அம்மா: வரைக்கல். 'வரை' என்றால் மலை, எல்லை, கோடு. மூன்று பொருளும் உங்கள் பைரனீசுக்குப் பொருந்தும். இப்படி ஒரு சொல் வேறெந்த மொழியில் கிடைக்கும்? 'எல்லை' பழைய நூல்களில் பகலையும் ஞாயிற்றையும் கூடக் குறிக்கும், 'எல்' ஒளி. பகல் முடியும் இடம் என்பதிலிருந்து முடிவிடம் என்ற பொருள் கிளைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். 'வரம்பு'ம் இருக்கிறது. நெடுஞ்சேரலாதன் இமயவரம்பன், இமயத்தில் வில் பொறித்தவன். மலையில் எல்லைக்குறி வெட்டுவது நமக்குப் புதிதா?

ஓமலூர், ஓய்வுபெற்ற நில அளவையர்:

ஐயா, இமயத்தை விடுங்கள். வரைக்கல் என்று அச்சடித்தால் பையன்கள் வரைகலை என்று படிப்பார்கள். ஒற்றை மிகுத்தாலும் மிகாவிட்டாலும் கம்ப்யூட்டர் பாடம்தான் நினைவுக்கு வரும். ஊரில் 'சர்வே கல்லு' என்றால் பாட்டிக்கும் புரியும். 'கல்லைப் பிடுங்கிட்டான்' என்றுதான் மனுவே வருகிறது, வரைக்கல்லைப் பிடுங்கினான் என்று ஒருவரும் எழுதியதில்லை.

சொல்லைவிட முக்கியமான ஒன்று கையேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கல்லுக்கு நடுவே எல்லை எப்போதும் நேர்கோடு அல்ல. முகட்டோடு போகும், ஓடையோடு வளையும். ஒப்பந்த விவரணையைப் படித்தால்தான் தெரியும். முகடுதான் எல்லை என்பதும் பொது விதி இல்லை. ஆரான் பள்ளத்தாக்கு நீர்பிரி முகட்டுக்கு வடக்கே இருந்தும் ஸ்பெயினுடையது. கம்பிவேலியையும் நம்பக்கூடாது, அது மாடு தாண்டாமல் இருக்கப் போட்டது.

ஏற்காடு, மலையேற்ற வழிகாட்டி:

சேர்வராயன் மலையில் காப்புக்காட்டு எல்லைக்குக் கற்குவியல்தான் அடையாளம். அதையும் 'கல்' என்றுதான் சொல்கிறோம், ஒற்றைக் கல்லாக இல்லாவிட்டாலும். ஆகவே கல் என்ற சொல் நீங்கள் அஞ்சும் அளவுக்கு இறுக்கமானது அல்ல.

தேடும் முறைக்கு ஒரு பத்தி சேர்க்கலாம். பழைய வரைபடத்தில் எடுத்த ஆயத்தொலை ஈடி50 என்ற பழைய ஐரோப்பிய அளவை முறையில் இருந்தால், வேறு முறையில் இயங்கும் கைபேசியில் அதை அப்படியே போட்டால் நூறு மீட்டருக்கு மேல் விலகும். சரிவான பள்ளத்தாக்கில் ஜிபிஎஸ் சமிக்ஞை பாறையில் பட்டுத் திரும்பி இன்னும் கொஞ்சம் தள்ளும். ஆகவே புள்ளியில் போய் நிற்காமல் சுற்றிலும் தேட வேண்டும். தேய்ந்த எண்ணுக்கு உச்சி வெயில் உதவாது. காலை அல்லது மாலைச் சாய்வு வெளிச்சத்தில் வெட்டின் ஓரம் நிழல் கட்டும். மேகமாக இருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாலே போதும். பாசிப்படலத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் எண்ணும் சேர்ந்தே போகும். கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். உயரமான கணவாய்களில் கோடை தொடங்கிய பிறகும் பனி மூடியிருக்கும், அப்போது தரைச்சிலுவை கிடைக்கவே கிடைக்காது.

ஆத்தூர், தமிழாசிரியர்:

பாட்டிக்குப் புரிவதே அளவுகோல் என்றால் கலைச்சொல்லே வேண்டாம். ஒரு சொல் என்ன செய்யும் என்பதற்கு இதே எல்லை சாட்சி. 1660இல் ஸ்பெயினின் 33 ஊர்கள் பிரான்சுக்குப் போயின. லிவியா மட்டும் 'ஊர்' அல்ல, 'நகரம்' என்ற தகுதியால் ஸ்பெயினிடமே நின்றது. இன்றும் நாலா பக்கமும் பிரான்ஸ் சூழ்ந்த தீவாக இருக்கிறது.

வேறு வழியும் சொல்கிறேன். சோழர் செப்பேடுகளில் பிடி (பெண் யானை) சூழ்ந்து, 'கல்லும் கள்ளியும் நாட்டி' எல்லை வகுப்பார்கள். கல்லும் செடியும் ஒரே வினையில் அடங்குகின்றன. 'எல்லைநாட்டு' என்று ஒரு பெயர் ஆக்கலாமே.

ஓமலூர், ஓய்வுபெற்ற நில அளவையர்:

நாட்டுவது நடுவது. பாறையில் வெட்டிய சிலுவையை யார் நாட்டினார்கள்? அம்மாவின் சிக்கல் அப்படியே நிற்கிறது. 'எல்லைநாட்டு' என்றால் எல்லையோர நாட்டுக்கோழி மாதிரி வேறு கேட்கிறது.

சேலம், கணினித் தமிழ் ஆர்வலர்:

'எல்லைப்பொறி'? பொறித்தது என்பதால் சிலுவைக்குச் சரிவரும்.

ஏற்காடு, மலையேற்ற வழிகாட்டி:

எலிப்பொறி மாதிரி எல்லையில் ஆள் பிடிக்கும் கண்ணியா? வேண்டாம். 'எல்லைக்குறி' போதும். நட்டதும் குறி, வெட்டியதும் குறி.

ஆத்தூர், தமிழாசிரியர்:

குறி என்பது கணக்கிலும் இலக்கணத்திலும் தேய்ந்துபோன சொல். மாட்டுக்குச் சூடு போடுவதும் குறிதான்.

ஓமலூர், ஓய்வுபெற்ற நில அளவையர்:

மாடு என்றதும் ஒன்று. அந்த மலையில் 262ஆம் கல் பியர் சான் மார்த்தான் கணவாயில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை 13 அன்று பிரான்ஸ் பக்கத்துப் பரேதூ பள்ளத்தாக்குக்காரர்கள் ஸ்பெயின் பக்கத்து ரொன்கால் பள்ளத்தாக்குக்கு அங்கே மூன்று பசுக்கள் கொடுக்கிறார்கள், 1375இல் வந்த தீர்ப்பின்படி. அதாவது கல்லைவிட வழக்கம் மூத்தது. சொல்லும் அப்படித்தான் வர வேண்டும், அதனால் என் ஓட்டு எல்லைக்கல்லுக்கு.

சேலம், புவியியல் விரிவுரையாளர்:

நேரம் இல்லாததால் முடித்துக்கொள்கிறேன். பொதுச்சொல் 'எல்லைக்குறி'. அதற்குள் நட்டது 'எல்லைக்கல்', பாறையில் வெட்டியது 'பாறைப்பொறிப்பு'. முதல் பக்கத்திலேயே இரண்டுக்கும் படம் போடுகிறேன். இதற்கு மூவர் சரி என்றார்கள், ஒருவர் இல்லை என்றார். முதன்மைக் குறிகளுக்கு இடையே வரும் துணைக்குறிகளுக்கு இன்னும் பெயரில்லை. எண்ணோடு அ, ஆ சேர்த்து எழுதிவிடுகிறேன்.

ஆத்தூர், தமிழாசிரியர்:

அ, ஆ சரி. பாறைப்பொறிப்பு என்றால் மாணவன் கல்வெட்டு என்று நினைத்துக்கொண்டு சோழர் பெயரைத் தேடுவான். சொல்லடைவிலாவது வரைக்கல்லை அடைப்புக்குறிக்குள் சேருங்கள்.

ஓமலூர், ஓய்வுபெற்ற நில அளவையர்:

சேர்த்தால் 'சர்வே கல்லு'ம் பக்கத்திலேயே வர வேண்டும்.