தகரக் கொட்டிலுக்க கிடந்து கொதிச்ச தோட்டா: வெயிலுக்கு வேகம் கூடுமோ?

ஒட்டுசுட்டான் பொடியன்:
வணக்கம் அண்ணையாக்கள். எங்கட கச்சான் தோட்டம் முத்தையன்கட்டுப் பக்கம், பண்டித் தொல்லை தாங்கேலாமல் அப்பா லைசென்சோட ஒரு 12 போர் துவக்கு வச்சிருக்கிறார். தோட்டாப் பெட்டி காவல் கொட்டிலுக்கதான் கிடக்கும், மேல தகரம், ஆடி மாசம் மத்தியானம் போய் ஒண்டைக் கையில எடுத்தன், பித்தளை அடி சுள்ளெண்டு சுட்டுப்போட்டுது. கனடா கல்கரியில இருந்து வந்து நிக்கிற மச்சான் அதைப் பாத்திட்டு, வெயிலுக்கு மருந்து வேகமா எரியும், அங்க தான் ரைபிளுக்குத் தோட்டாவைத் தானே நிரப்பிறவர், அதுக்கெண்டு சூடு குளிர் தாங்கிற பவுடர் வேற வாங்கிறவர் எண்டு ஒரு பிரசங்கமே வச்சிட்டார். உண்மையோ, இல்லாட்டி வெளிநாட்டுப் புழுகோ?

கல்கரிக் கிழவன்:
தம்பி, உங்கட மச்சான் புழுகேல்லை. நானும் புதுக்குடியிருப்பு ஆள்தான், இங்க வந்து பதினைஞ்சு வருசமா மான் வேட்டைக்குப் போறன், தோட்டாவும் நானே நிரப்பிறன். முதல் வருசம் பட்ட பாட்டைச் சொல்லுறன். யூலை மாசம் 30 பாகை வெயிலுக்க .308 ரைபிள் தோட்டாவுக்கு ஒரு உருண்டைப் பவுடரைப் போட்டு, குறி பாத்து, எல்லாம் திறம் எண்டு சந்தோசப்பட்டன். நவம்பரில மைனஸ் 20, அதே துவக்கு அதே பெட்டித் தோட்டா, தூரத்தில வெடி கீழ விழுது. வேகம் அளக்கிற மெசின் வச்சுப் பாத்தால் செக்கனுக்கு 130 அடிக்குக் கிட்டக் குறைஞ்சு போச்சு. 100 யாரில அது தெரியாது, 500 யாரில அரை அடிக்கு மேல கீழ போயிடும், மான் காயத்தோட ஓடினால் அந்தப் பாவம் ஆரைச் சேரும்.

பேந்து ஹொட்ஜ்டன் எண்ட பவுடர்க் கொம்பனிக்காரன்ர வார்கெட்டுக்கு மாறினன், அது ஒஸ்ரேலியாவில செய்யிற குச்சிப் பவுடர், அதில அதே குளிருக்கு வித்தியாசம் 30 அடிக்குள்ள நிக்குது. நிக்குது எண்டுதான் சொல்லுறன், இல்லாமல் போகேல்லை. டப்பாவில என்ன எழுதியிருந்தாலும் உங்கட துவக்கில, உங்கட தோட்டாவில அளந்து பாக்க வேணும். இன்னொண்டு, குளிருக்க மருந்தின்ர உச்ச அளவு கண்டுபிடிச்சு அதையே வெயிலுக்க சுட்டால் பிரஷர் ஏறி, துவக்கின்ர பின்பூட்டு, அதுதான் போல்ட், திறக்கேலாமல் இறுகும், தோட்டா அடியில நெருப்புப் பத்த வைக்கிற பிறைமர் தட்டையாகும், அதால நான் எப்பவும் கோடைக்குத்தான் அளவு பாக்கிறது. சூடான குழலுக்க தோட்டாவைப் போட்டிட்டு அலட்டிக்கொண்டு நிண்டாலும் இதே கதைதான்.

ஊரில ஒருத்தரும் தோட்டா நிரப்பிப் பாக்க வெளிக்கிடாதேங்கோ. 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டம் இண்டைக்கும் இருக்கு, எங்கட பக்கம் இந்தக் கதையைக் கேட்டாலே ஆக்கள் எழும்பிப் போயிடுவினம்.

கெமிஸ்ட்ரி சேர் வவுனியா:
ரண்டு விசயத்தையும் போட்டுக் குழப்பாதேங்கோ. சுடுற நேரத்துச் சூடு ஒண்டு, வச்சிருக்கிற காலத்துச் சூடு வேறொண்டு.

பண்டி வாறது இரவில. அப்ப எங்கட பக்கம் 26, 27 பாகைதான், அதுவும் 12 போரில 30 யார் தூரத்துக்குச் சுடேக்க வேகம் கொஞ்சம் கூடினால் என்ன குறைஞ்சால் என்ன, பண்டிக்கு ஒண்டுதான். தம்பி கவலைப்பட வேண்டியது மத்தியானம் மத்தியானமா கொதிக்கிற அந்தப் பெட்டியைப் பற்றி. மருந்தில இருக்கிற நைட்ரோசெலுலோஸ் சும்மா கிடந்தாலும் மெல்ல மெல்ல உடைஞ்சு நைட்ரஜன் ஒக்சைட் விடும், அந்த வாயுவே மிச்சத்தையும் உடைக்கும். அதை உறிஞ்சிப் பிடிக்கத்தான் டைபீனைலமீன் மாதிரி ஒரு சாமான் கலக்கிறவை. சூடு கூடக் கூட அது கெதியாத் தீரும், தீர்ந்தால் மருந்து தன்ர பாட்டில பழுதாகும்: மூக்கில குத்திற புளிச்ச மணம், செம்மண்தூள் மாதிரி ஒரு தூசு.

அந்தக் காலத்தில யானை வேட்டைக்குப் போன வெள்ளைக்காரனுக்கும் இந்த வெயில் பெரிய தலையிடிதான். அப்ப பாவிச்ச கோர்டைட் எண்ட மருந்து சூட்டில பிரஷர் கூட்டும், கோது குழலுக்க இறுகும், யானை முன்னால நிக்கேக்க அப்பிடி நடந்தால் கதை முடிஞ்சுது. அதுக்காகத்தான் 1911இல வந்த .416 றிக்பி மாதிரித் தோட்டாவுக்கு அவ்வளவு பெரிய கோது வச்சு பிரஷரைக் குறைச்சவை.

முறிகண்டியான்:
அப்ப மண்பானைக்குப் பக்கத்தில குளிர்ச்சியா வச்சால் சரிதானே சேர்? எங்கட அப்பு அப்பிடித்தான் வச்சவர்.

கெமிஸ்ட்ரி சேர் வவுனியா:
அப்பு வச்சது குழல் வாயால மருந்து இடிச்சு நிரப்பிற இடியன் துவக்கின்ர கரிமருந்தா இருக்கும், அதுவும் நனைஞ்சு வெடிக்காமல் எத்தினை தரம் ஏசியிருப்பார் எண்டு கேட்டுப் பாருங்கோ. ஈரம் பிறைமருக்குக் கூடாது. வீட்டுக்க, ஓட்டுக்குக் கீழ, பூட்டின அலுமாரியில, இறுக்கமான ரின்னில வையுங்கோ. பிறிட்ஜும் வேண்டாம், வெளிய எடுக்கேக்க வேர்க்கும்.

ஒட்டுசுட்டான் பொடியன்:
நன்றி சேர், நன்றி அண்ணை. இண்டைக்குப் பின்னேரம் பெட்டியைக் கொண்டுவந்து கொட்டிப் பாத்தன், பன்ரண்டில மூண்டு பித்தளை பச்சை பிடிச்சுக் கிடக்கு. அப்பா சுட்டுத் தீர்ப்பம் எண்டுறார்.

கல்கரிக் கிழவன்:
சுட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. மேல் ஈரத்தால பச்சை பிடிச்சதோ உள்ளுக்க பழுதோ எண்டு வெளியால பாத்துச் சொல்லேலாது. உடைச்சும் பாக்காதேங்கோ. லைசென்சையும் காட்டக் கொண்டுபோய், அந்தத் தோட்டாக்களைப் பொலிசில ஒப்படையுங்கோ.

ஒட்டுசுட்டான் பொடியன்:
சரி, திங்கள் போறம். அலுமாரியில வைக்க அம்மா விடுறாவில்லை, கூறைச்சீலை இருக்கிற தட்டாம். மச்சானைத்தான் கதைக்க விட்டிருக்கிறன்.