ஹெட்லைட் போட்டா டெம்பரேச்சர் முள்ளு ஏறுது, சென்சாரா வயரிங்கா?

மஞ்சக்குப்பம்காரன்:
வணக்கம் நண்பர்களே, 2007 மாடல் பெட்ரோல் வண்டி, அப்பா ஓட்டுனது, தேவனாம்பட்டினத்துல மாமா வீட்டு வாசல்ல வெட்டவெளில தான் நிக்கும். கொஞ்ச நாளா செக் எஞ்சின் லைட் வருது போகுது. பகல்ல ஒன்னும் தெரியல, ராத்திரி ஹெட்லைட்டும் ஏசியும் சேத்து போட்டா டெம்பரேச்சர் முள்ளு பாதிக்கு மேல ஏறுது, ஐடிலிங் தூக்கி தூக்கி போடுது, லைட்ட அணைச்சா முள்ளு டக்குனு இறங்கிடுது. தண்ணி சரியா இருக்கு, ஃபேன் ஓடுது. ஸ்கேன்ல கூலன்ட் (தண்ணி சூடு), த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டர் திறப்பு), மேப் (இன்டேக் காத்தழுத்தம்) மூனு சென்சாருக்கும் ஃபால்ட் கோடு காட்டுச்சு. கூலன்ட் சென்சார் புதுசு போட்டாச்சு, அப்படியே தான் இருக்கு. இப்ப த்ராட்டில் சென்சாரும் மாத்தணுமாம், அதுக்கும் கேக்கலன்னா எஞ்சின கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர், ஈசிஎம்னு மெக்கானிக் இழுக்கறாரு. காசு போடலாமா?

உப்பளம் எலக்ட்ரீஷியன்:
நிறுத்துங்க ஜி, இனி ஒரு சென்சாரும் வாங்காதீங்க. மூனும் ஒன்னா எப்படி போகும்? அதுங்களுக்கு பொதுவா இருக்கறது ஈசிஎம்ல இருந்து வர்ற 5 வோல்ட்டும் எர்த்தும் தான். லைட்ட அணைச்ச உடனே எஞ்சின் ஆறிடாதுல்ல, அப்ப முள்ளு காட்டுறது சூடே இல்ல. கடற்கரை வண்டிக்கு முதல்ல போறது, பேட்டரி நெகட்டிவ்ல இருந்து எஞ்சினுக்கும் பாடிக்கும் போற எர்த் கேபிள் தான்.

மல்டிமீட்டர டிசி வோல்ட்ல வச்சு கருப்ப பேட்டரி நெகட்டிவ் ஈயத்து மேலயே வைங்க, கிளாம்ப் மேல வேணாம். சிவப்ப முதல்ல எஞ்சின் பிளாக்ல, அப்புறம் பாடில பெயின்ட் இல்லாத இடத்துல. வண்டி ஓடணும், லைட், ஏசி எல்லாம் ஆன்ல இருக்கணும். 0.1க்குள்ள வந்தா நல்லது, 0.2 தாண்டுனா எர்த் சரியில்ல. ஓம்ஸ்ல பாத்து ஏமாந்துறாதீங்க, ஒத்த இழைல தொங்குற கேபிளும் ஓம்ஸ்ல நல்லதா தான் காட்டும், கரண்ட் ஓடுறப்ப தான் அதோட லட்சணம் தெரியும்.

வில்லியனூர் பாய்:
அண்ணன் சொன்னது கரெக்ட், அப்படியே ஆல்டர்னேட்டரையும் ஒரு கண்ணு பாருங்க. ஓடும்போது பேட்டரில 13.8ல இருந்து 14.5க்குள்ள வரணும். அதே எடத்துல மீட்டர ஏசி வோல்ட்டுக்கு மாத்துங்க, அரை வோல்ட்டுக்கு மேல வந்தா ஆல்டர்னேட்டர் உள்ள ஏசி கரண்ட டிசியா மாத்துற டையோடு போயிருக்கலாம், அந்த ஏசி அலை சென்சார் சிக்னல்ல கலந்தாலும் கண்ட கோடும் வரும். ஓடுற வண்டில பேட்டரி டெர்மினல கழட்டி பாக்கறாங்களே, அத மட்டும் யாரையும் செய்ய விடாதீங்க, நல்லா இருக்கற ஈசிஎம்மும் போயிடும்.

மஞ்சக்குப்பம்காரன்:
பாத்துட்டேன்ணே. சார்ஜிங் 14.1, எஞ்சின் பிளாக்ல 0.06, பாடில 0.9! பேட்டரி ட்ரேவ கழட்டுனா அடியில பாடி எர்த் கேபிளோட முனைல இருக்கற லக்கு, மேல பாக்க கருப்பா நல்லா தான் இருந்துச்சு, ரப்பர பின்னாடி தள்ளுனா உள்ள பூரா பச்சப் பொடி, வயரு கையோட வந்துருச்சு. புது கேபிள் போட்டு, போல்ட் எடத்த எமரி பேப்பர் வச்சு தேச்சு, மேல வாசலின் பூசியாச்சு. முள்ளு இப்ப அசையல. கோட அழிச்சேன், த்ராட்டில் கோடு மட்டும் திரும்ப வந்துருக்கு.

உப்பளம் எலக்ட்ரீஷியன்:
அப்ப அது தனி கேஸ். முதல்ல அந்த கனெக்டர கழட்டி பின்னுலயும் பச்ச இருக்கானு பாருங்க, கான்டாக்ட் க்ளீனர் அடிங்க. அப்புறம் இக்னிஷன் ஆன் பண்ணி, எஞ்சின் ஸ்டார்ட் பண்ணாம, சிக்னல் வயர்ல மீட்டர் வச்சு ஆக்ஸிலரேட்டர மெதுவா அமுக்குங்க. அரை வோல்ட் கிட்ட ஆரம்பிச்சு நாலு, நாலரை வரைக்கும் சீரா ஏறணும். நடுவுல திடீர்னு விழுந்து எழுந்தா உள்ள ட்ராக் தேஞ்சிருக்கு, அப்ப தாராளமா மாத்துங்க.