மல்லிகை இலக்கிய இதழை நடத்தியவர்கள் பற்றி: நினைவு இருப்பவர்கள் எழுதுங்கள்

கொட்டாஞ்சேனை மகள்:
அப்பா போய் ஒரு வருடம் ஆகிறது. போன வாரம்தான் அவருடைய ட்ரங்குப் பெட்டியைத் திறக்க மனம் வந்தது. அடியில், சேலைத் துணியில் சுற்றி 37 மல்லிகை இதழ்கள். சிலவற்றின் ஓரத்தில் "சந்தா கட்டியாச்சு" என்று அப்பாவின் கையெழுத்து. ஆசிரியர் டொமினிக் ஜீவா என்பது தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. யார் அச்சுக்கோர்த்தார்கள், யார் விற்றார்கள், இத்தனை வருடம் எப்படி நடந்தது? அப்பாவிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தாளெல்லாம் தொட்டால் உதிர்கிறது, அதற்கும் வழி சொன்னால் நல்லது.

வெள்ளவத்தை வாசகன்:
தங்கச்சி, மல்லிகை தொடங்கியது 1966 ஆகஸ்ட், யாழ்ப்பாணத்தில். ஜீவா படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான், கஸ்தூரியார் வீதியில் குடும்பத்தின் சலூன், அங்கேதான் அவர் வேலை. கதை கொண்டு வருகிறவர்களும், முடி வெட்ட வந்து அப்படியே இலக்கியம் கதைத்துக்கொண்டு இருந்துவிடுகிறவர்களும் அங்கேதான் கூடினார்கள். அவருடைய முதல் கதைத் தொகுதிக்கு இலங்கைச் சாகித்தியப் பரிசு கிடைத்திருந்தது, ஆனால் சாதியின் பேரால் பட்ட அவமானங்களை அவர் மறைக்கவே இல்லை, வெளிப்படையாக எழுதினார். என்னைக் கேட்டால் மல்லிகையின் பலமே அதுதான்.

90களில் கொழும்புக்கு வந்து ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து நடத்தினார், உங்கள் கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தே போகலாம். 2012 வரை வந்தது, மொத்தம் 400 இதழுக்கு மேல். 2021 ஜனவரியில் காலமானார். தமிழ்ச்சங்கத்தில் கூட்டம் முடிந்து படியிறங்கினால் பையோடு நிற்பார், இதழை நேராகக் கையில் தருவார். நான் சந்தாக்காரன் ஆனது அப்படித்தான். உங்கள் அப்பாவும் அப்படிச் சேர்ந்தவராக இருக்கலாம்.

பழைய அச்சுக்காரன்:
ஜீவாவைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள், எழுதத்தான் வேண்டும். மகள் கேட்டது அச்சுக்கோர்த்தவர்களையும் சேர்த்து என்பதால் அதைச் சொல்கிறேன். நான் மல்லிகையில் வேலை செய்யவில்லை, 80களில் செட்டியார் தெருப் பக்கம் ஒரு அச்சகத்தில் இருந்தேன். அந்தக் காலத்துச் சிறு சஞ்சிகைகள் எல்லாம் இந்த வழியில்தான் வந்தன.

ஈய எழுத்துகள் பெட்டியில் அறை அறையாக இருக்கும். ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோர்த்து, பக்கம் கட்டி, புரூஃப் எடுத்து, திருத்தி, பிறகுதான் மெசினுக்குப் போகும். முழு இதழையும் ஒரேயடியாகக் கோர்க்க எழுத்துப் போதாது. அதனால் எட்டுப் பக்கம் அடித்து முடித்து, அந்த எழுத்துகளைக் கழுவிக் கலைத்துத் திரும்ப அறைகளில் போட்டு, அடுத்த எட்டுப் பக்கத்தைக் கோர்ப்போம். நீளமான கட்டுரை வந்தால் றகரம் தீர்ந்து போய்க் கை காத்துக்கொண்டு நிற்கும். ஆசிரியர் கடைசி நேரத்தில் ஒரு பந்தியைச் சேர்த்தால் அன்றைக்கு இரவும் வேலைதான். என்னோடு நின்ற அண்ணா ஒருவர் கவிதையைக் கோர்த்துக்கொண்டே சத்தமாக வாசிப்பார், எழுதியவருக்கு முன்னால் பிழையைக் கண்டுபிடிப்பதும் அவர்தான். ஓர் இதழிலும் அவர் பெயர் வந்ததில்லை. அது எனக்கு இன்றும் மனத்தாங்கல்.

மகள், கடைசிப் பக்கத்தின் அடியைப் பாருங்கள், அச்சகத்தின் பெயரும் முகவரியும் இருக்கும். தேடலை அங்கிருந்து தொடங்குங்கள்.

நூலகப் பக்கம்:
தாளைப் பற்றி. துருப்பிடித்த பின்களை மெதுவாகக் கழற்றிவிடுங்கள், முதலில் பாழாவது அந்த இடம்தான். செலோடேப் ஒட்டவே வேண்டாம். கொழும்பு வெக்கைக்குப் பிளாஸ்டிக் உறையில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும், பருத்தித் துணியில் சுற்றி வைப்பது எவ்வளவோ மேல், அப்பா சரியாகத்தான் செய்திருக்கிறார். அப்புறம், 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளத்தில் மல்லிகை இதழ்கள் நிறைய இருக்கின்றன. உங்களிடம் உள்ள 37ஐ மாதவாரியாக அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அங்கே இல்லாதது ஒன்று இருந்தாலும் ஸ்கேன் செய்யக் கொடுத்துவிடுங்கள். 1981இல் யாழ் நூலகத்தோடு 97,000 நூல்கள் எரிந்த பிறகு, வீட்டுப் பெட்டிகளில் கிடப்பதுதான் பலவற்றுக்கு மிச்சம்.

கொட்டாஞ்சேனை மகள்:
எல்லோருக்கும் நன்றி. அச்சுக்கார அண்ணா, கடைசிப் பக்கங்களைப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே இருக்கிறது. ஓர் இதழில் ஒரு கதையின் பக்கத்தில் அப்பா பேனாவால் எழுத்துப் பிழைகளைத் திருத்தி வைத்திருக்கிறார், புரூஃப் பார்ப்பவர் போடும் அதே அடையாளங்களோடு. அப்பா கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதியவர். இந்த அடையாளங்கள் அவருக்கு எப்படித் தெரிந்தது? படம் எடுத்துப் போடவா?

பழைய அச்சுக்காரன்:
போடுங்கள் மகள். அந்த இதழ் எந்த வருடம், எந்த மாதம் என்றும் சேர்த்து எழுதுங்கள்.