மறு: ‘ஆப்பரேட்டிங் லெவரேஜ்’ – ‘நிலைநெம்பு’ என்று வைக்கலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

விற்பனை சிறிது மாறினாலும், மாறாத செலவின் காரணமாக இலாபம் பெரிதாக மாறுவதைத்தான் ‘ஆப்பரேட்டிங் லெவரேஜ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் ஒருசேரப் படித்துவிட்டு எழுதுகிறேன். இதுவரை வந்த பரிந்துரைகள் நான்கு: இயக்க நெம்புகோல், செலவுப் பெருக்கி, நிலைச்சுமை, இலாப அலைவு. ஐந்தாவதாக ‘நிலைநெம்பு’ என்ற சொல்லை நான் முன்வைக்கிறேன். காரணம் சொல்வதற்கு முன், இந்தச் சொல் நமக்கு எந்த இடத்தில் தேவைப்பட்டது என்பதை ஒருமுறை நினைவூட்டிவிடுகிறேன். இடையில் சேர்ந்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

வணிகவியல் மாணவர்களுக்காக நாம் எழுதிக்கொண்டிருக்கும் கையேட்டில் ஒரு பாடம், மின்னணுப் பொருள் நிறுவனங்களைப் பற்றியது. பொருளாதார மந்தம் வரும்போது, அனுபவமும் பெயரும் பணமும் உள்ள பழைய நிறுவனங்கள்தான் அதிகம் அடிபடுகின்றன. சொந்த ஆலைகூட இல்லாத புதிய நிறுவனம் தாக்குப்பிடித்து நிற்கிறது. ஏன் என்பதுதான் பாடம்.

> மக்கள் கையில் காசு இல்லை, வாங்கவில்லை, கம்பெனிக்கு நட்டம். இதற்கு எதற்குத் தனியாக ஒரு கலைச்சொல்?

நெய்வேலி ஐயா கேட்ட கேள்வி இது. ஐயா, 2008 செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் விழுந்த பிறகு ஜப்பானின் சோனிக்கு என்ன ஆனது என்று பாருங்கள். 2009 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அதன் விற்பனை முந்தைய ஆண்டைவிடச் சுமார் 13 விழுக்காடு குறைந்தது. நூற்றுக்கு எண்பத்தேழு ரூபாய் வியாபாரம் அப்படியேதான் நடந்திருக்கிறது. ஆனால் தொழிலில் வந்த இலாபம் முழுவதும் கரைந்துபோய், சுமார் 22,800 கோடி யென் நட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. விற்பனை பதிமூன்று குறைந்தால் இலாபமும் பதிமூன்றுதானே குறைய வேண்டும்? அது முழுசாகப் போய் நட்டமாக மாறுவானேன்? ‘காசு இல்லை, வாங்கவில்லை’ என்பது அந்தப் பதிமூன்றுக்கு விளக்கம். மீதிக்கு விளக்கம் சொல்லத்தான் நமக்கு ஒரு சொல் வேண்டியிருக்கிறது.

கணக்கைப் போட்டுவிடுகிறேன். பாடத்திலும் இதையே வைக்கலாம். ஒரு கம்பெனி ஆண்டுக்கு ஒரு லட்சம் டிவி விற்கிறது. ஒன்று 30,000 ரூபாய். அதற்குள் போகும் உதிரிபாகம், அட்டைப்பெட்டி, லாரி வாடகை என்று செட்டுக்குச் செட்டு ஆகும் செலவு 22,000. ஆக ஒரு செட்டுக்குக் கையில் நிற்பது 8,000. மொத்தம் 80 கோடி. ஆலையின் தேய்மானம், நிரந்தர ஊழியர் சம்பளம், ஆராய்ச்சி, விளம்பரம், கடன் வட்டி போக மற்ற நிர்வாகச் செலவு எல்லாம் சேர்த்து 60 கோடி. இது ஒரு லட்சம் செட் விற்றாலும் விற்காவிட்டாலும் ஆகியே தீரும். மிச்சம் இலாபம் 20 கோடி.

இப்போது மந்தம் வருகிறது. விற்பனை 85,000 செட்டாகிறது. கையில் நிற்பது 68 கோடி. அந்த 60 கோடி அசையவில்லை. இலாபம் 8 கோடி. விற்பனை குறைந்தது 15 விழுக்காடு, இலாபம் குறைந்ததோ 60 விழுக்காடு. நான்கு மடங்கு. 80 கோடியை 20 கோடியால் வகுத்தால் வருகிற அதே நான்கு.

ஆலை இல்லாத கம்பெனி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளியே ஒப்பந்தத்துக்குச் செய்யச் சொல்லி, செட்டை 27,000 ரூபாய்க்கு வாங்கி அதே 30,000 ரூபாய்க்கு விற்கிறது. கையில் நிற்பது 30 கோடி, மாறாத செலவு 10 கோடி, இலாபம் அதே 20 கோடி. நல்ல காலத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசமே தெரியாது. மந்தம் வந்து 85,000 செட்டுக்கு இறங்கும்போது இதன் இலாபம் 15.5 கோடி. குறைவு 22.5 விழுக்காடு. அதாவது ஒன்றரை மடங்குதான்.

மந்தத்தில் விலையும் இறங்கும் என்பதைச் சேர்த்தால் படம் இன்னும் கடுமையாகிறது. இரண்டு கம்பெனிகளும் விலையை 27,000 ஆக்குகின்றன என்று வையுங்கள். சொந்தமாகப் பேனல் (டிவியின் திரைப் பகுதி) செய்பவருக்குச் செட்டுச் செலவு பெரிதாகக் குறையாது. கையில் நிற்பது 5,000, மொத்தம் 42.5 கோடி, நட்டம் 17.5 கோடி. வெளியே வாங்குபவருக்கோ, ஊரெங்கும் பேனல் தேங்கி விலை சரிவதால் கொள்முதலே 24,500க்கு இறங்குகிறது. அவர் 11 கோடிக்கு மேல் இலாபம் காட்டுகிறார். ஒருவருடைய ஆலையில் தேங்கிய சரக்குதான் இன்னொருவருக்கு மலிவுக் கொள்முதல். கலிபோர்னியாவில் 2002இல் தொடங்கிய விசியோ இப்படித்தான் சொந்த ஆலை இல்லாமல், தைவான் ஒப்பந்தக்காரர்களிடம் செய்து வாங்கி, மொத்த விற்பனைக் கிடங்குக் கடைகளில் வைத்து விற்று, அமெரிக்க எல்.சி.டி. டிவி சந்தையில் சோனிக்கும் சாம்சங்குக்கும் சமமாக மேலே வந்தது.

புதுச்சேரியில் எச்.சி.எல்., விப்ரோ கணினிகள் பொருத்தப்பட்ட காலத்தைப் பார்த்த நண்பர்கள் இந்தக் குழுமத்தில் இருக்கிறீர்கள். பொருத்தும் ஆலை என்பது நீண்ட மேசை, திருகு முடுக்கி, சோதனைக் கருவி, ஆட்கள். ஆர்டர் இல்லை என்றால் ஒரு ஷிஃப்டை நிறுத்திவிடலாம். பேனல் ஆலை அப்படிப்பட்டதல்ல. ஷார்ப் 2009 அக்டோபரில் ஜப்பானில் ஒசாகா பக்கத்துச் சகாய் நகரில் திறந்த ஆலையில் ஒரு கண்ணாடித் தகடு ஏறக்குறைய 2.9 மீட்டருக்கு 3.1 மீட்டர். நம் வீட்டு அறை ஒன்றின் தரை அளவு. அதைத் தூசு படாமல் நகர்த்தும் இயந்திரங்களை ஒரு நாள் நிறுத்தினாலும் தேய்மானக் கணக்கு நிற்காது. வாங்க ஆள் குறைந்து 2012இல் அந்த ஆலையின் ஓட்டத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டிவந்தது. பாதிதான் ஓடினாலும் முதலீட்டின் சுமை முழுசு. 2016இல் ஷார்ப்பே தைவானின் ஃபாக்ஸ்கான் கைக்குப் போனது. 2024இல் சகாய் ஆலை டிவி பேனல் செய்வதை நிறுத்திக்கொண்டது. அன்றைக்கு உலகிலேயே பெரிய கண்ணாடியை வெட்டத் தெரிந்தவர்கள் அவர்கள். தொழில் தெரியாமல் விழவில்லை என்பதை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும்.

இனி, சொல்லுக்கு வருகிறேன்.

> ‘இயக்க நெம்புகோல்’ என்று நேராகவே வைத்துவிடலாமே.

‘இயக்க’ என்றதும் மாணவர் எந்திரம் ஓடுவதை நினைப்பார், அல்லது ஒரு இயக்கத்தை, கட்சியை நினைப்பார். மாறாத செலவுதான் இதற்கெல்லாம் மூலம் என்பது அந்தச் சொல்லில் எங்கும் இல்லை.

> ‘செலவுப் பெருக்கி’ – ஒலிபெருக்கி மாதிரி எல்லோருக்கும் உடனே புரியும்.

லாஸ்பேட்டை தங்கை அனுப்பிய இந்தச் சொல் எனக்கும் முதலில் பிடித்திருந்தது. இரண்டு தடைகள். பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியலில் ‘பெருக்கி’ ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. முதலீடு கூடினால் நாட்டு வருமானம் எத்தனை மடங்கு கூடும் என்பதைக் குறிக்க அந்தச் சொல்லைத்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதே பிள்ளைக்கு அடுத்த ஆண்டு அதே சொல்லை வேறு பொருளில் கொடுக்கக் கூடாது. இரண்டாவது, இங்கே செலவு பெருகுவதே இல்லை. அது இருந்த இடத்தில் இருக்கிறது. அலைக்கழிவது இலாபம்.

> நிலைச்சுமை. சுருக்கமாக இருக்கிறது, வலியும் தெரிகிறது.

வலி தெரிவதுதான் இதில் குறை. இதே அமைப்பு ஏற்றத்தில் தூக்கியும் விடும். மேலே சொன்ன கம்பெனி 1,15,000 செட் விற்றால் இலாபம் 32 கோடி, அதாவது 60 விழுக்காடு கூடுதல். அந்த ருசியில்தான் நல்ல காலத்தில் ஆலைமேல் ஆலையாகக் கட்டுகிறார்கள். சாம்சங்கின் மாறாத செலவும் மலையளவுதான். ஆனால் மந்தத்திலும் முதலீட்டை நிறுத்தாமல், பிறகு சந்தை எழுந்தபோது அது மேலே போனது. ‘சுமை’ என்று வைத்தால் சாம்சங்கின் கதையைச் சொல்ல வழியில்லாமல் போகும்.

‘இலாப அலைவு’ விளைவைச் சொல்கிறது, காரணத்தை விட்டுவிடுகிறது. இலாபம் அலைய ஆயிரம் காரணம் உண்டு.

‘நிலைநெம்பு’ இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. ‘நிலை’ என்பது நிலைச்செலவு. ‘நெம்பு’ என்றதும் கடப்பாரை முனையில் கொடுக்கும் சின்ன அழுத்தம் மறுமுனையில் பாறையைப் புரட்டுவது நம் ஊரில் கிணறு வெட்டியவர், வேலி போட்டவர் யாருக்கும் தெரியும். எந்தப் பக்கமும் புரட்டலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. பாடநூலில் ‘மாறாச் செலவு’ என்று இருக்கிறதே, ‘மாறாநெம்பு’ என்று வைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். அப்போது மாறாதது நெம்பு என்று பொருள் வந்துவிடும். உண்மையில் விற்பனை அளவு மாற மாற இந்த மடங்கும் மாறிக்கொண்டே இருக்கும்.

குடும்பமும் ஒழுங்காக அமைகிறது. கடன் வாங்கியதால் வருவது ‘கடன்நெம்பு’. இரண்டும் சேர்ந்தால் ‘கூட்டுநெம்பு’. எத்தனை மடங்கு என்ற எண்ணுக்கு ‘நெம்புமடங்கு’. நம் உதாரணத்தில் முதல் கம்பெனியின் நெம்புமடங்கு 4, இரண்டாவதன் நெம்புமடங்கு 1.5. வினையாகவும் எழுதலாம்: ‘நிலைச்செலவு இலாபத்தைக் கீழே நெம்பியது.’

புதுச்சேரி மிஷன் வீதியில் டிவிக் கடை வைத்திருக்கும் அண்ணன் எழுதிய மடலை முழுசாகவே பாடத்தில் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். ஒரு பகுதி:

> முன்பு வரி வித்தியாசத்துக்காகக் கடலூர், விழுப்புரம் பக்கமிருந்து டிவி வாங்க இங்கே வருவார்கள். 2017 ஜி.எஸ்.டி.க்குப் பிறகு அந்தக் கூட்டம் இல்லை. கடை வாடகை, ஷோரூம் ஏ.சி. கரண்ட் பில், பையன்கள் சம்பளம் மூன்றும் அப்படியேதான். கோடவுனில் டிவி நின்றால் அரிசி மூட்டை மாதிரி விலை ஏறாது. பெட்டி மேல் தயாரித்த மாதம் போட்டிருக்கும், வாங்க வருபவர் முதலில் அதைத்தான் திருப்பிப் பார்ப்பார். ஆறு மாதம் பழையது என்றால், ‘எவ்வளவு குறைப்பீங்க?’ கம்பெனி விலையை இறக்கினால், குறைந்த தொகையை எங்கள் கணக்கில் வரவு வைக்கும் கிரெடிட் நோட் வரும். ஆனால் அது வருவதற்குள் மாசக் கடைசி டார்கெட் வந்துவிடும்.

அண்ணன் சொன்ன கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். கம்பெனியின் நிலைநெம்புதான் டார்கெட்டாக டீலர் தலையில் இறங்குகிறது. ஆலை ஓடியாக வேண்டும், அதனால் சரக்கு கடைக்கு வந்தாக வேண்டும். விற்காத சரக்கு கோடவுனில் விலை இழக்கிறது. அந்த இழப்பைக் கம்பெனியே கிரெடிட் நோட்டாகத் திரும்ப ஏற்கிறது. தள்ளிய சரக்கு மூன்று மாதம் கழித்து நட்டமாகத் திரும்பி வருகிறது.

இதோடு, டிவி தள்ளிப்போடக்கூடிய பொருள் என்பதையும் பாடத்தில் சொல்ல வேண்டும். இங்கே கடலூர் முதுநகர் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் மளிகைக் கடை ஓரளவு நடக்கும். டிவிக் கடைக்கு வருபவர்கள் விலை விசாரித்துவிட்டு, ‘படகு கடலுக்குப் போகட்டும், பார்க்கலாம்’ என்று போய்விடுவார்கள். வீட்டில் இருக்கும் டிவி இன்னும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது. தேவை அழிவதில்லை, தள்ளிப்போகிறது. ஆலையின் தவணை தள்ளிப்போவதில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சொல் கிடைத்த மகிழ்ச்சியில் எல்லாப் பழியையும் இதன்மேல் ஏற்றிவிடக் கூடாது. சோனியின் அந்த ஆண்டு நட்டத்தில் யென்னின் மதிப்பு ஏறியதற்கும் பெரிய பங்கு உண்டு. வெளிநாட்டில் டாலரில் விற்றதை யென்னில் மாற்றியபோது குறைந்த தொகையே கிடைத்தது. அதே நேரத்தில் கொரிய வொன் வீழ்ந்தது சாம்சங்குக்குக் கைகொடுத்தது. மேலும், சோனியின் டிவிப் பிரிவு மந்தத்துக்கு முன்பே நட்டத்தில்தான் இருந்தது. ஓட்டை முன்பே இருந்தது, மந்தம் அதை அகலமாக்கியது. பிளாஸ்மா டிவியில் நல்ல பெயர் எடுத்த பயோனியர் 2009 பிப்ரவரியில் டிவித் தொழிலையே விடுவதாகவும் 10,000 வேலைகளைக் குறைப்பதாகவும் அறிவித்ததற்கும், பிளாஸ்மா சந்தையே சுருங்கிவந்தது ஒரு காரணம். பாடத்தில் இவை தனித்தனிப் பத்தியாக வரட்டும். அந்த 10,000 வேலைகளைப் பற்றி எழுதும்போது நிதானமாக எழுதுவோம். கணக்கேட்டில் ‘நிலைச்செலவு’ என்று நாம் ஒரே சொல்லில் அடக்குவதில் பெரும்பகுதி, யாரோ ஒருவருடைய மாதச் சம்பளம்.

கலைச்சொல் பட்டியலுக்கு நான் எழுதிய வரைவு:

நிலைநெம்பு (பெயர்): விற்பனையில் ஏற்படும் மாற்றத்தைவிட இலாபம் அதிக விழுக்காட்டில் ஏறவோ இறங்கவோ நிலைச்செலவு காரணமாகும் தன்மை. எ.கா.: சொந்தப் பேனல் ஆலை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு நிலைநெம்பு அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை வரை வரும் மறுப்புகளைப் பார்த்துவிட்டுப் பட்டியலில் ஏற்றுகிறேன். நெய்வேலி ஐயாவும் லாஸ்பேட்டைத் தங்கையும் கட்டாயம் கருத்துச் சொல்ல வேண்டும். நெம்புமடங்கைச் சேர்த்து எழுதுவதா, ‘நெம்பு மடங்கு’ என்று பிரித்து எழுதுவதா என்பதில் இலக்கணம் தெரிந்தவர்கள் முடிவு சொல்லுங்கள்.

அன்புடன்,
மஞ்சக்குப்பம், கடலூர்